எழுபது காசு மிச்சம்

1

நான் வேலை பார்க்கும் ஈப்போ ஆஸ்பத்திரியில் கருப்பண்ணன் என்று ஒரு சமையல்காரர் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மலாய் நாட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. போன வாரம் நோயாளிகளுக்குக் கஞ்சி வாங்கப் போயிருந்தபோது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

“ஏனுங்க நர்சம்மா, ஊருக்குப் பணம் அனுப்பறதுக்கு எது சல்லிசுங்க? தபாலா, பாங்கியா?”

சின்னக் கேள்வி. பதிலும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் டாலரை வெள்ளி என்போம், ஒரு வெள்ளிக்கு நூறு காசு. பாங்கியில் தொகை பெரிதானாலும் சிறிதானாலும் ஒரு தடவைக்கு ஒரு வெள்ளி பிடித்துக்கொள்வார்கள். தபாலில் மணியார்டர் செய்தால் முப்பது வெள்ளிக்கு முப்பது காசுதான். இதை அப்படியே சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் “டூட்டி முடிஞ்சு வந்து சொல்றேனுங்க” என்று கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு நானும் ஒரு காலத்தில் கணக்குப் போட்டு விடை கண்டிருக்கிறேன். அதனால் என்ன ஆயிற்று என்பதை ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

எனக்குச் சொந்த ஊர் பல்லடத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அப்பாவும் அம்மாவும் அங்கே ஒரு பண்ணையில் வேலை செய்தார்கள். பண்ணையின் சொந்தக்காரரைப் பண்ணாடி என்று கூப்பிடுவோம். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் தெருவில் பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவுக்கு யோசேப்பு என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் செல்லவில்லை. பண்ணையில் அவர் ரங்கன்தான்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். கோயம்புத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகினேன். மதுக்கரைக்காரர் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் ஈப்போவில் டிரெஸ்ஸர், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். கல்யாணமான இரண்டாம் மாதமே புறப்பட்டோம். இப்போது பதினொரு வருஷம் ஆகிறது.

கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் அப்பா வழியனுப்ப வந்திருந்தார். வண்டி கிளம்பப் போகிற நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“பணம் அனுப்புனா தபால்ல மட்டும் அனுப்பீராத கண்ணு. பாங்கில போடு. மூணு மாசத்துக்கொருக்கா போடு. நானு இங்க வந்து வாங்கிக்கறேன்.”

“பாங்கிக்கெல்லாம் நீங்க எதுக்குங்கப்பா அலையோணும்? தபால்காரரு ஊட்டுக்கே கொண்டாந்து குடுப்பாரல்லொ?”

“நாஞ் சொல்றதக் கேளு அம்மணி.”

வண்டி நகர்ந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பாங்கிக் கட்டடம் பெரியது, வெள்ளைக்காரர் வந்து போகிற இடம். அதன் படியில் ஒரு தடவையாவது ஏறிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை போலிருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார்.

3

ஈப்போ பாங்கியில் முதல்முறை பணம் போட நாங்கள் இருவருமே போனோம். ஒரு கறுப்புப் பலகையில் அன்றைய விலையைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தார்கள். நூறு ரூபாய் வேண்டுமானால் அறுபத்தைந்து வெள்ளி கொடுக்க வேண்டும். சில நாள் கால் வெள்ளி ஏறும், சில நாள் இறங்கும். பணத்தைக் கட்டிவிட்டால் அவர்களே கோயம்புத்தூர்ப் பாங்கிக்கு எழுதிவிடுவார்கள். அப்பா அங்கே போய்த் தம்மை இன்னார் என்று நிரூபித்துப் பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீனக் குமாஸ்தா ஒருவர் படிவத்தை நிரப்பினார். வாங்குபவர் பெயர் கேட்டார், சொன்னேன். தொழில் கேட்டார். பண்ணையாள் என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். என் வீட்டுக்காரர் “பார்மர்” என்று சொல்லிவிட்டார். ஒரு குழி நிலமில்லாத என் அப்பா அன்றைக்கு அந்தக் காகிதத்தில் விவசாயி ஆனார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முப்பது வெள்ளி. அதில் ஒரு வெள்ளி பாங்கிக்கு. அந்த ஒரு வெள்ளி என் வீட்டுக்காரரை உறுத்திக்கொண்டே இருந்தது. “உங்கப்பாரு பாங்கிப் படியேறோணும்னு நாம வருசத்துக்கு நாலு வெள்ளி தெண்டங் கட்டறமே, அம்மணி” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார், கணக்காகச் சொல்வார். நானும் அந்த வெள்ளியை வேறு வழியில் ஈடுகட்டப் பார்த்தேன். பலகையில் கால் வெள்ளி இறங்கட்டும் என்று டூட்டிக்கு நடுவே இரண்டு மூன்று நாள் பாங்கி வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஊரிலிருந்து கடிதம் வரும். “இங்கு யாவரும் க்ஷேமம். அங்கு உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும். பண்ணாடி குடும்பத்தார் சௌக்கியம்.” எப்போதும் இதே மூன்று வரிதான். பணம் வந்ததா, போதுமா, ஒன்றும் இருக்காது. எழுதிக்கொடுத்தவர் பண்ணாடி வீட்டுக் கணக்கப்பிள்ளை. நான் எழுதும் கடிதங்களைப் பிரித்துப் படித்துச் சொல்பவரும் அவரேதான். இது எனக்குத் தெரியும். அதனால் என்ன என்று நான் யோசித்ததே இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் சீக்கிரம் மறந்துபோகின்றன.

4

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, முப்பத்திரண்டு வருஷங்களில் கித்தா விலை விழுந்தது. ரப்பரை இங்கே கித்தா என்பார்கள். தோட்டங்களை மூடினார்கள், ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்கு வேலை போகவில்லை, ஆனால் சம்பளத்தில் பிடித்தம் வந்தது. அந்தச் சமயத்தில் என் மகள் கிரேஸுக்கு டைபாய்டு. அப்போது அவளுக்கு மூன்று வயது. நான் வேலை பார்க்கும் வார்டுக்குப் பக்கத்து வார்டிலேயே கிடந்தாள்.

அப்பாவுக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாதம். பாங்கி பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடும். அந்த நேரத்தில் குழந்தையை விட்டு என்னால் நகர முடியவில்லை. தபாலாபீஸ் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருந்தது. எழுபது காசு மிச்சம் வேறு. எழுபது காசுக்குக் குழந்தைக்கு எத்தனை டின் பால் வாங்கலாம் என்று கூட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதானே என்று தெருவைத் தாண்டிப் போய் மணியார்டர் செய்துபோட்டு வந்தேன். ஊரில் நாற்பத்தாறு ரூபாய் கிடைக்கும். அன்று மனசு லேசாக இருந்தது. வீட்டுக்காரரும், “இத்தன நாளா இதச் செய்யாமப் போயிட்டமே” என்றார்.

கிரேஸ் பிழைத்துக்கொண்டாள். ஏழு வாரம் கழித்து என் தங்கை எஸ்தரிடமிருந்து கடிதம் வந்தது. அவள் அந்த வருஷம்தான் கோயம்புத்தூர் மிஷன் போர்டிங்கில் சேர்ந்திருந்தாள். பதின்மூன்று வயது. கணக்கப்பிள்ளையின் கையைத் தாண்டி எங்கள் வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

அவள் எழுதியிருந்தது இது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வர மாட்டார். எல்லாத் தபாலையும் பண்ணாடி வீட்டுக் கட்டுத்தரையில், மாடு கட்டும் இடத்தில் நின்றுதான் கொடுப்பார். மணியார்டர்க் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “யாருங்க இந்த யோசேப்பு?” என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். “அட, நம்ம ரங்கன்.” அப்பாவைக் காட்டிலிருந்து கூப்பிட்டு விரல் ரேகை வாங்கி, பண்ணாடியின் கண் முன்னாலேயே நாற்பத்தாறு ரூபாயை எண்ணி வைத்திருக்கிறார்கள்.

“ஏண்டா ரங்கா, சீமைப் பணம் வருதாமா உனக்கு?” என்றாராம் பண்ணாடி.

“புள்ள அனுப்பிருக்குதுங்க சாமி.”

“நல்லதாப் போச்சு. உங்கணக்குல நிக்கறத மொதல்ல தீரு.”

அம்மாவின் வைத்தியத்துக்கு என்று அப்பா பல வருஷத்துக்கு முன் முன்பணம் வாங்கியிருந்தார். அது வட்டியும் முதலுமாக வளர்ந்து நின்றது. வந்த பணம் முழுவதும் அங்கேயே போயிற்று. அது போனால் போகிறது, கடன்தானே. அதற்கு அடுத்த பக்கத்தைத்தான் என்னால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை.

அப்பா நான்கு வருஷமாக ஒரு நிலத்துக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் தெருவுக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு; மழையை நம்பி உழுகிற நிலத்தை எங்கள் பக்கம் காடு என்பார்கள். அதன் சொந்தக்காரர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்ட ஒரு எண்ணெய் வியாபாரி. இருநூறு ரூபாய்க்குக் கொடுப்பதாக வாயால் ஒப்புக்கொண்டிருந்தார். பாங்கியில் வாங்கிய பணத்தை அப்பா ஊருக்குக் கொண்டுபோகாமல் மிஷன் போதகரிடம் கொடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நூற்று அறுபது சேர்ந்துவிட்டது. நான் அனுப்பியதோடு இருநூறு நிறைந்திருக்கும்.

சீமைப் பணம் வருகிறது என்று தெரிந்ததும் பண்ணாடி விசாரிக்க ஆரம்பித்தார். நிலத்தின் பேச்சு அவர் காதுக்குப் போயிற்று. பதினைந்தே நாளில் அவரே கோயம்புத்தூர் போய், இருநூற்று ஐம்பது கொடுத்து அந்தக் காட்டைக் கிரயம் செய்துகொண்டார்.

“அப்பா ஒன்றும் பேசவில்லை, அக்கா. அம்மாதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை” என்று முடித்திருந்தாள்.

கடிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்குப் பிறகு பாங்கி பிடிக்கும் ஒரு வெள்ளியைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

5

கருப்பண்ணனிடம் போய்ப் பதில் சொன்னேன். சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன்.

“உங்கூர்ல தபால்காரரு எங்க நின்னு பணங் குடுப்பாருங்க?”

“எங்கூட்டு வாசல்லதானுங்க. ஏனுங்க?”

“அப்ப உங்களுக்குத் தபாலே சல்லிசுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் விளக்கவில்லை.

என் மகளுக்கும் இதெல்லாம் விளங்குவதில்லை. இப்போது ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். வெள்ளியும் காசும்தான் அவளுக்குப் பணம். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று சொல்லிக்கொடுத்தால், “ஏன்மா, அவுங்களுக்குப் பத்துப் பத்தா எண்ணத் தெரியாதா?” என்கிறாள். தமிழும் மலாயும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் வரும். மரியாதைக்குப் போடும் ‘ங்க’ அவள் வாயில் நிற்பதில்லை. தாத்தாவுக்கு எழுதும்போது “தாத்தா, நீ சௌக்கியமா?” என்று எழுதுகிறாள். திருத்தினால், “தமிழ்ல எல்லாத்துக்கும் வால் இருக்கு” என்று சலித்துக்கொள்கிறாள். தாத்தாவை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

அது மூன்று வருஷத்துக்கு முன்பு, லீவு கிடைத்து ஊருக்குப் போயிருந்தபோது. கப்பல் ஏறுவதற்கு முன் வழக்கம்போலப் பாங்கியில் முப்பது வெள்ளி போட்டிருந்தேன். அதை வாங்க அப்பாவோடு நானும் கோயம்புத்தூர் போனேன். அப்பா பஸ்ஸில் ஏறத் தயங்கினார். எப்போதும் நடந்தே வருவாராம். போக ஒரு நாள், வர ஒரு நாள். இரண்டு நாள் கூலி போய்விடும். சர்ச்சில் கூட்டம் என்று பண்ணையில் சொல்லிவிட்டு வருவாராம்.

பாங்கிப் படியருகே வந்ததும் அப்பா நேராக உள்ளே போகவில்லை. பக்கத்தில் மர நிழலில் முத்திரைத்தாள் விற்கிற ஒருவர் முன்னால் போய் நின்றார். அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு எழுந்து கூட வந்தார். இன்னார்தான் இன்னார் என்று பாங்கிக்குத் தெரிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். அவர் சாட்சி. அதற்கு எட்டணா. உள்ளே கூப்பிட்டுவிடும் சேவகனுக்கு இரண்டணா.

“இதெல்லாம் எனக்கு ஏனுங்கப்பா சொல்லல?”

“சொன்னா நீ பணம் போடறத நிறுத்தீருவயே கண்ணு.”

நான் குமாஸ்தாவிடம் போய், பணம் அனுப்பியவள் நான்தான், இவர் என் அப்பா, நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர். காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அம்மா, உங்களை எனக்குத் தெரியாதே. உங்களுக்கு யார் சாட்சி?” என்றார். முத்திரைத்தாள்காரர் எனக்கும் சேர்த்துச் சாட்சி சொன்னார். என்னை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை.

“யோசேப்பு!” என்று குமாஸ்தா உரக்கக் கூப்பிட்டார்.

“வந்துட்டனுங்க” என்றார் அப்பா. அப்படி நிமிர்ந்து நின்று அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா பணத்தை வேட்டி முனையில் முடிந்தார். “மொத வாட்டி வந்தப்ப, காயிதத்துல விவசாயினு போட்டுருக்குது, எத்தன ஏக்கருனு கேட்டாங்க கண்ணு” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“வாங்கப் போறனுங்கனு சொன்னேன்.”

எனக்குத் தாங்கவில்லை. “போதகர் பேருக்காவது அனுப்பச் சொல்லியிருக்கலாமல்லங்கப்பா?”

“அவரு பேருக்கு வந்தா, அது அவரு குடுக்கற மாதிரி ஆயிப்போகும்.”

“என்னாலதானுங்கப்பா அந்தக் காடு போச்சு.”

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உம் மேல என்ன தப்பு? நாந்தான் வெவரமாச் சொல்லியிருக்கோணும். கொழந்தை சாகக் கெடந்துச்சு, நீ என்ன பண்ணுவ? உடு கண்ணு.”

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் ஊரில் இருந்த ஆறு வாரத்தில் அவர் அதை எடுக்கவே இல்லை. அவருக்கு மனத்தில் ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

6

பிறகு நடந்தது அதிகமில்லை. தட்டிப் பறித்த அந்த நாற்பத்தாறு ரூபாய் கடனில் பெரும்பகுதியைத் தீர்த்திருந்தது. நான் திரும்பி வந்த வருஷமே அப்பா போதகரைக் கூட்டிக்கொண்டு பண்ணாடி வீட்டுக்குப் போய், மிச்சத்தைக் கட்டிக் கடன் சீட்டைக் கிழித்து வாங்கிவிட்டார். எஸ்தருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. போதகரிடம் இருந்த பணத்தில் அங்கே ஐந்து சென்ட் மனை வாங்கி, மண்சுவர் வைத்து ஒரு வீடு போட்டார்கள். நிலமில்லை, வீடுதான். அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறார். சாயங்காலமானால் கூலியை வாங்கிக்கொண்டு தம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அம்மாவுக்கு மட்டும் அந்த ஒன்றரை ஏக்கர் நினைவு போகவில்லையாம். மழை பெய்தால், “இந்நேரம் நம்ம காட்டுல ஏர் ஓட்டியிருக்கலாம்” என்பாளாம்.

இப்போது தபாலில்தான் அனுப்புகிறேன். தபால்காரர் வாசலில் வந்து கொடுக்கிறார்.

கடிதங்களும் மாறிவிட்டன. அப்பா சொல்லச் சொல்ல எஸ்தர் எழுதுகிறாள். மூன்று வரி போய் ஐந்து பக்கம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டது, மிளகாய் விலை, அம்மாவின் பல்வலி, போதகரின் பிரசங்கம் நீண்டுபோவது, எல்லாம் இருக்கும். இத்தனை பேச்சு இவருக்குள் இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

போன மாதம் வந்த கடிதத்தில் நான்காம் பக்கத்தின் நடுவில், மழை வராததைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர், திடீரென்று இப்படிச் சொல்லியிருந்தார்.

“தபால்ல அனுப்பாதேன்னு ரயிலடியில நான் அத்தனை தூரம் சொன்னேன். நீ கேக்கலை. அப்பன் கூலிக்காரன், அவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சுப்போட்ட. நாலு வருசம் நடந்து நடந்து சேத்த காடு. அத நெனச்சா எனக்கு இன்னமும் வயிறு எரியுது. அன்னிக்குப் பாங்கி வாசல்ல உம் மேல தப்பில்லைன்னு சொன்னேன். அது பொய்.”

அதற்குக் கீழே வேறு மையில் எஸ்தர் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். “அக்கா, இதை எழுத வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அப்பா கேட்கவில்லை. எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லி, ஒரு வார்த்தைகூட விடவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.”

நான் அழவில்லை. அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி படித்தேன். நான் பிறந்ததிலிருந்து என் அப்பா யார் மேலும் கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கோபம் வராதவர் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து, “ஊர்ல ஏதாச்சுங்களா?” என்று பதறினார். “ஒண்ணுமில்லீங்க, எங்கப்பா என்னைத் திட்டியிருக்காரு” என்றேன்.

மறுநாள் பதில் எழுதினேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததையும், பாங்கி நேரத்தில் நகர முடியாததையும், சம்பளப் பிடித்தத்தையும் மறுபடி எழுதலாம் என்று தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். வேறு தாள் எடுத்து ஒரே வரி எழுதி ஒட்டினேன்.

“தப்புதானுங்கப்பா.”